பழகிய நாக்கும் பழகாத திராட்சையும்

டுரியான் பருவத்தில் கேலாங் பக்கம் போய், கடைக்காரரிடம் வெறுமனே "ஒரு டுரியான் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். மாவ் ஷான் வாங்கா, டி24ஆ, கசப்பு தூக்கலாக வேண்டுமா, இனிப்பாக வேண்டுமா என்று அவர் அடுக்க, நாமும் விவரமாகப் பதில் சொல்வோம். ஒரு பழத்துக்குள் இத்தனை வகை இருப்பது நமக்கு ஆச்சரியமே இல்லை. அதே நாம் பேரங்காடியில் ஒயின் அடுக்கின் முன்னால் நின்றால், கேள்வி "சிவப்பா, வெள்ளையா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் பழகியவர்கள் கேபர்னே, மெர்லோ, ஷார்டொனே, சோவின்யான் பிளாங்க் என்று நாலைந்து பெயர் சொல்வார்கள். நானும் பல வருடம் அந்த நாலைந்துக்குள்ளேயே சுற்றிவந்தவன்தான்.

அவற்றைத் தாண்டி ஓரடி வைக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க எந்த அவசியமும் இல்லை. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவர், அதையே ருசி தெரிந்து குடிக்கலாமே என்பதுதான் எண்ணம். புது வகைகளைத் தேடிப்போக பிரெஞ்சுப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் நாக்குக்கும் மூக்குக்கும் ஏற்கனவே தெரிந்த புளிப்பு, துவர்ப்பு, மணம் மூன்றையும் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

முதலில் 'வகை' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒயினாகும் திராட்சை ஏறக்குறைய எல்லாமே வைட்டிஸ் வினிபெரா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தது. மா என்ற ஓர் இனத்துக்குள் மல்கோவா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் இருப்பது மாதிரி, அதற்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைகள். ஒட்டு மாம்பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள், இல்லையா? திராட்சையும் அப்படித்தான். விதை போட்டால் அம்மா, அப்பா இருவரும் கலந்த புதுப் பிள்ளை முளைக்கும். அதனால் கொடியில் துண்டு வெட்டி நட்டுத்தான் ஒரு வகையை நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே காப்பாற்றி வருகிறார்கள். எப்போதாவது தோட்டத்தில் தானாக ஒரு விதை முளைத்து, அந்தப் பிள்ளையும் தேறிவிட்டால் புது வகை பிறக்கும். உலகமே கொண்டாடும் கேபர்னே சோவின்யான் அப்படி வந்ததுதான். கேபர்னே பிராங்க் என்ற கறுப்புத் திராட்சையும் சோவின்யான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் அதன் பெற்றோர் என்பது 1997இல் கலிபோர்னியாவில் மரபணுச் சோதனை செய்தபோதுதான் உறுதியானது. இரண்டு பேரின் பெயரையும் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அதுவரை பிறப்புச் சான்றிதழ் இல்லை!

சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் அறியப்பட்ட திராட்சை வகைகள் சுமார் 10,000. ஆனால் வெறும் 33 வகைகள் உலகத் திராட்சைத் தோட்டங்களின் பாதிப் பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் சாப்பிடும் திராட்சையும் அடக்கம். ஏன் இப்படி ஆனது? ஒரு பெரிய காரணம் ஒரு சின்னப் பூச்சி. அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி 1860களில் பிரான்சில் தொடங்கி ஐரோப்பியத் தோட்டங்களை வரிசையாகச் சாகடித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி நட வேண்டும் என்ற நிலையில் விவசாயி எதை நடுவார்? நன்றாகக் காய்ப்பதை, சுலபமாக விலைபோவதை. அடம்பிடிக்கும் வகைகள் விடுபட்டுப் போயின. பின்னாளில் கலிபோர்னியாக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் பாட்டிலில் திராட்சையின் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்க, பேர்போன சில வகைகள் மட்டும் ஊர் ஊராகப் பரவின.

விடுபட்டவற்றில் கார்மனேரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்சின் போர்தோ வட்டாரத் திராட்சை அது. பூச்சி வந்து போன பிறகு அங்கே அதை ஏறக்குறைய யாரும் திரும்ப நடவில்லை; அழிந்தே போனது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே சிலி நாட்டுக்குக் கப்பலேறிய கொடித் துண்டுகளில் அதுவும் இருந்திருக்கிறது. மெர்லோவோடு கலந்து வளர்ந்து, மெர்லோ என்ற பெயரிலேயே விற்பனையும் ஆனது. 1994 நவம்பரில் அங்கு போன பிரெஞ்சுக் கொடியியலாளர் ழான் மிஷேல் பூர்சிக்கோ கொடியைப் பார்த்து, "இது மெர்லோ இல்லையே" என்று கண்டுபிடித்துச் சொன்னார். திருவிழாவில் தொலைந்த பிள்ளையை மச்சத்தை வைத்து அடையாளம் காணும் நம் பழைய படக்கதை மாதிரியேதான். கேபர்னே பிடித்தவர்கள் முதலில் இதைத் தொட்டுப் பார்க்கலாம். துவர்ப்பு மென்மையாக இருக்கும். லேசாகக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். அந்தப் பச்சை வாசம் சிலருக்குப் பிடிக்காது. சூட்டில் வாட்டிய இறைச்சியோடு எனக்குப் பிடிக்கும்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் வரும் இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பல ஐரோப்பிய ஒயின்களில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். மணப்பாறை முறுக்கு என்றால் அரிசிமாவு முறுக்கு என்று தனியாக எழுத வேண்டியதில்லை அல்லவா, அது மாதிரி. ஷாப்லி என்றால் உள்ளே ஷார்டொனே. சான்செர் வெள்ளை என்றால் சோவின்யான் பிளாங்க். போஜொலே சிவப்பு என்றால் கமே. அப்புறம், ஒரே மீனுக்குக் கடற்கரைக்குக் கடற்கரை பெயர் மாறுவதுபோல ஒரே திராட்சைக்கும் மாறும். பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ்; இரண்டும் ஒன்று. ஆகவே புதுப்பெயர் எல்லாம் புதுத் திராட்சை என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

சரி, நாக்குக்கு வருவோம்.

ஒயின் பற்றிய வகுப்புகளில் டானின் என்ற சொல்லைப் புரியவைக்க ஆசிரியர் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வாய் வறளும், ஈறு இழுக்கும், நாக்கு சொரசொரக்கும் என்று என்னென்னவோ சொல்வார். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகப் பாட்டி சொல்லிக்கொடுத்ததுதான். நாவற்பழம், வாழைப்பூ, ரொம்ப நேரம் ஊறிப்போன தே ஓ கோசோங் எல்லாம் அதுவே. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருப்பது அது. சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைப்பதால் அதில் துவர்ப்பு அதிகம். வெள்ளைக்குப் பெரும்பாலும் சாற்றை மட்டும் பிழிந்து எடுப்பதால் குறைவு.

மணம் என்றதும் நான் கம்பத்துக்குத்தான் போவேன். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையைத் தேக்கா பக்கம் பழக்கடையில் அந்தப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சை, உலக ஏடுகளில் ஹாம்பர்க் மஸ்கட் என்று பதிவாகியிருக்கும் வகை. கருநீலத் தோல், வாயில் போட்டதும் ரோஜா வாசம். அந்தப் பன்னீர் வாசம் மஸ்கட் குடும்பத்தின் முத்திரை. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி அதே குடும்பத்து வெள்ளை உறுப்பினர் ஒருவரிடமிருந்து வருவது. மெல்லிய நுரை, இனிப்பு, 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால். நம்மில் பலர் முதன்முதலில் குடித்துப் பார்ப்பது இதைத்தான். அதிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

அங்கிருந்து ஓரடி தள்ளி வைத்தால் அர்ஜென்டினாவின் டொரொண்டெஸ். ஹாம்பர்க் மஸ்கட்டுக்கும் டொரொண்டெஸின் முக்கிய வகைக்கும் பெற்றோரில் ஒருவர் பொது: அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றவர் வேறு வேறு. அதாவது நம்மூர்ப் பன்னீர் திராட்சையும் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் கஃபயாதே பள்ளத்தாக்கில் விளையும் டொரொண்டெஸும் பாதி உடன்பிறப்புகள். மூக்கில் வைத்தால் மல்லிகையும் ரோஜாவும். 'இது சர்க்கரைப் பாகாக இருக்கப்போகிறது' என்று நினைத்து வாயில் விட்டால் இனிப்பே இருக்காது, நறுக்கென்று புளிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்: இனிப்பாக மணப்பதெல்லாம் இனிப்பாக இருக்காது. இதே வரிசையில் பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்துக் கெவுர்ஸ்ட்ராமினரும் உண்டு. அதில் அடிப்பது அச்சு அசல் லைச்சி வாசம். ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே வாசனைப் பொருள் இரண்டிலும் இருப்பதுதான் காரணம். லைச்சி தின்று வளர்ந்த சிங்கப்பூர் மூக்குக்கு இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது.

மிளகு வாசத்துக்கும் திராட்சை உண்டு. ஆஸ்திரியாவின் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விளைவது குரூனர் வெல்ட்லினர் என்ற வெள்ளை வகை. உச்சரிக்க வாய் கோணும். கடையில் 'குரூனர்' என்றாலே போதும். பச்சை ஆப்பிள், எலுமிச்சை வாசத்துக்கு நடுவில் யாரோ வெள்ளை மிளகை இடித்த மாதிரி ஒரு நெடி வரும். மிளகுக்கு அந்த நெடியைக் கொடுக்கும் ரொடண்டோன் என்ற பொருளே திராட்சைத் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுசொன்னார்கள். ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்கும் அதுவே காரணம். வேடிக்கை என்னவென்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் அண்ணி அந்த ஐந்தில் ஒருவர். நான் "மிளகு, மிளகு" என்று சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

புளிப்பின் அருமை எனக்கு ஒரு மீன்தலைக் கறியால்தான் புரிந்தது. சில வருடங்களுக்கு முன் நண்பர் வீட்டு விருந்து. சிங்கப்பூரிலேயே பிறந்த பண்டமாயிற்றே, அதற்கு ஏற்ற மரியாதை செய்வோம் என்று, இருப்பதிலேயே கனமான ஒரு கேபர்னே பாட்டிலை எடுத்துப் போனேன். ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். பழைய காசை நாக்கில் வைத்த மாதிரி உலோக வாடை! மிளகாயின் காரமும் இரண்டு மடங்காகி நெற்றியில் ஏறியது. நண்பரின் அம்மா ஒரு சொட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ரசமே குடிச்சிருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்துதான் மீனோடு சேர்ந்து அந்தக் கெட்ட வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை விசிறிவிடும். புளிக்கரைசல் ஊற்றிய குழம்புக்கு எதிரே புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று போய்விடும். ஆக, புளிக்குப் புளிப்புத்தான் துணை. ரசம் அதைத்தான் செய்கிறது.

அந்த இடத்தில் நான் இப்போது எடுத்துப் போவது அசிர்டிகோ. கிரேக்கத்தின் சாண்டோரினி எரிமலைத் தீவின் வெள்ளைத் திராட்சை. கடற்காற்று பேயாக அடிக்கும் என்பதால் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு கூடை முடைவதுபோல் வளைத்து விடுகிறார்கள். குலைகள் கூடைக்குள் பத்திரமாகத் தொங்கும். எரிமலைச் சாம்பல் மண்ணில் வேர்ப்பூச்சி பிழைக்காது என்பதால் அங்கே ஒட்டுக்கட்டாத, சொந்த வேரில் நிற்கும் பழங்கொடிகள் இன்னும் இருக்கின்றன. பொதுவாக வெயில் ஏற ஏறத் திராட்சையில் புளிப்பு இறங்கிவிடும். அசிர்டிகோவோ கடும் வெயிலிலும் புளிப்பை விடாமல் பிடித்துவைத்திருக்கும். லேசான உப்புக்கரிப்பும் உண்டு. யவனர் கப்பலில் வந்த தேறலைச் சங்கப் பாடல் பேசுகிறது. கிரேக்கத் தீவுகளின் பாணியில் செய்த ஒயின் சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. அந்த வகையில் இது நமக்குப் பழைய சரக்குதான்!

ஸ்பெயினின் கலீசியக் கடற்கரையில் விளையும் அல்பரீன்யோவும் இதே வேலையை இன்னும் மென்மையாகச் செய்யும். இறால் வறுவலுக்கு அது போதும். காரம் மிக அதிகம் என்றால் இனிப்பு கொஞ்சம் மிஞ்சிய, ஆல்கஹால் குறைந்த ஜெர்மன் ரீஸ்லிங். பாட்டிலில் 'கபினெட்' என்று இருந்து, ஆல்கஹால் 8, 9 சதவீதம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இனிப்பு ஒட்டியதாகத்தான் இருக்கும்.

துவர்ப்புக்கு இரண்டே பெயர் சொல்கிறேன், இரண்டு கோடிகளிலிருந்து. மென்மையான கோடியில் கமே. புர்கண்டிப் பிரபு பிலிப் 1395இல் இதைத் தன் மண்ணிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அவர் நின்றது பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையின் பக்கம். ஆணைக்குத் தப்பி, தெற்கே போஜொலேயில் கமே இன்றும் செழிக்கிறது. துவர்ப்பு குறைவு, செர்ரி வாசம், கொஞ்சம் குளிரவைத்தும் குடிக்கலாம். பிரியாணிக்குச் சிவப்பு ஒயின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விருந்தாளிக்கு இதை ஊற்றுங்கள். எதிர்க்கோடியில் ஜார்ஜியா நாட்டின் சபெராவி. பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்குத் தோலில்தான் நிறம், உள்ளே சதை வெளுப்பாக இருக்கும். சபெராவிக்குச் சதையும் சிவப்பு. கோப்பையில் மை ஊற்றிய மாதிரி இருக்கும். கொழுப்பான ஆட்டுக்கறிதான் அதைத் தாங்கும்.

ஜார்ஜியாவில் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒயின் செய்ததற்குச் சான்றாகப் பானை ஓடுகளில் ஒட்டிய எச்சங்களை 2017இல் அறிவித்தார்கள். இன்றும் அங்கே க்வெவ்ரி என்ற பெரிய மண்சாடியைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, அதில் சாற்றையும் தோலையும் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டென்று பிடிபடும். உள்ளே இருப்பதுதான் வேறு! வெள்ளைத் திராட்சையையும் இப்படித் தோலோடு ஊறவைப்பதால் ஒயின் தேன்நிறமாகி, தேயிலைத் துவர்ப்போடு வருகிறது. ர்காட்சிதெலி என்பது அதற்குப் பேர்போன வகை. முதல் மடக்கில் முகம் சுளிப்பீர்கள். நெத்திலிச் சம்பலோடு இரண்டாம் மடக்கு வேறு மாதிரி இருக்கும்.

இந்த வகைகளெல்லாம் வெறும் வேடிக்கைப் பொருள்கள் இல்லை. வெயில் ஏறிவருவதால், மரபில் ஊறிய போர்தோவே 2021இல் ஆறு புது வகைகளைச் சோதனையாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றது. அதில் போர்ச்சுகலின் தூரிகா நாசியொனாலும் அல்பரீன்யோவும் உண்டு. நேற்றுவரை வெளியாள், இன்று வீட்டு மாப்பிள்ளை.

இனி நம் ஊர்க் கணக்கு. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை விலையைப் பார்ப்பதில்லை, ஆல்கஹாலைத்தான் பார்க்கிறது: ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13 சதவீத ஆல்கஹால் கொண்ட 750 மில்லி பாட்டிலுக்கு இது 8 வெள்ளி 58 காசு. அதன் மேல் 9 சதவீதப் பொருள், சேவை வரி. 20 வெள்ளிப் பாட்டிலுக்கும் 200 வெள்ளிப் பாட்டிலுக்கும் தீர்வை ஒன்றேதான். அதனால் அடிமட்ட விலைப் பாட்டிலில் ஒயினுக்கு என்று மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். மாதம் இரண்டு மலிவுப் பாட்டிலுக்குப் பதில் ஒன்று, அதுவும் புகழுக்குக் காசு கொடுக்க வேண்டாத வகையாகப் பார்த்து வாங்குவது என் வழக்கம். வாங்க மறந்துவிட்டு இரவில் ஓடாதீர்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை கடையில் விற்க மாட்டார்கள். வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

"சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்" என்ற புத்தக விதியை இங்கே மறந்துவிடுங்கள். அது குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை. நம் வீவக வீட்டு அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். அடுப்படி அலமாரியில் மாதக் கணக்கில் வைத்தால் ஒயின் வெந்துபோகும். எங்கள் வீட்டில் அம்மாவின் கண்ணில் படாமல் இட்லிமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும். ஒளித்துவைப்பதற்கும் அது நல்ல இடம், குளிருக்கும் நல்ல இடம்.

பழகுவதற்குச் சுலபமான வழி, நாலு பேர் சேர்வது. ஆளுக்கு ஒரு பாட்டில், எல்லாம் ஒரே குடும்பத்து வாசம் அல்லது ஒரே அளவு புளிப்பு என்று முன்பே பேசிக்கொண்டு, பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெயர் தெரியாமல் குடித்து, என்ன நினைவுக்கு வருகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். 'நறுமண அடுக்கு', 'நீண்ட முடிவு' போன்ற பேச்சுக்குத் தடை. நாவற்பழம், ஊறவைத்த புளி, வாத்தியார் வீட்டு மல்லிகைப் பந்தல் எல்லாம் செல்லும்.

போன தடவை தமிழ் முரசில் சுற்றி வந்த மூன்றாவது பாட்டிலை மோந்ததும், உத்தமபாளையத்துக்கார நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்க ஊர் பன்னீர் திராட்சைங்க, எவன் பாட்டில்ல அடைச்சான்?" என்றார். தாளைப் பிரித்தால் டொரொண்டெஸ், அர்ஜென்டினா. பாதி உடன்பிறப்பு என்று விளக்கப் பார்த்தேன், அவர் காது கொடுக்கவில்லை. மிச்சமிருந்த பாட்டிலை மூடி, "இது எங்க வீட்டுப் பிள்ளை" என்று கையோடு எடுத்துப் போய்விட்டார்.